பச்சை விளக்கும் ஒரு அடிக்குறிப்பும்

மக்கா,

இந்தக் கடிதத்தில் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றேதான் அங்கே வைத்தேன். எதையும் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறவள் நீ என்பது இப்போது எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும், விழிஞ்ஞம் கடலில் நீந்துகிற சாளை மீன்களுக்கும் தெரிந்திருக்கும். வியாழக்கிழமை கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஒரு அப்பா இப்படி எழுதலாமா என்று கேட்காதே. வியாழக்கிழமை கல்யாணம் என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமையே எழுதுகிறேன். மறுவீடு போய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேற்று உன் கூட்டாளியிடம் போனில் சொன்னாயே, அதைக் கேட்டேன். உன் மறுவீடு முடியும்வரை கடல் கரையோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது.

இதை மடித்து உன் கையில் தராமல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். நாகர்கோவிலிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வந்து இறங்கியிருக்கிற நம் சொந்தக்காரர்கள் தண்ணீர் பாட்டில் எடுக்க வரும்போதெல்லாம் ஒரு பாரா வாசித்துவிட்டுப் போகட்டும். பெற்ற மகளைத் திட்டுவதை நாலு சுவருக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று உன் அம்மா கேட்டாள். நீ எழுதிய அறிவிப்பு நாலு சுவருக்குள்ளா இருக்கிறது? விழிஞ்ஞத்தில் வள்ளக்காரர்கள் சங்கத்து ஆபீஸின் வெளிச்சுவரில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி, மலையாளத்தில் அழகாக அச்சடித்து ஒட்டியிருக்கிறது. உப்புத் தண்ணீர் படும்படி கையாண்டதால் பெட்டிகள் பழுதாகின்றன, அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல. கீழே உன் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அதே கையெழுத்து. அங்கே நின்று அதை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்துக்குப் பொன்முடி மலை உருகிக் கல்லாற்றில் ஓடியிருக்க வேண்டும். ஏனோ அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சுவரோரம் படுத்திருந்த பூனை ஒன்று மட்டும் எழுந்து போயிற்று.

ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளையும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும் கழக்கூட்டத்தில் ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறார்கள். மீன்பிடி வள்ளத்தில் வைக்கிற ஒரு பெட்டி செய்கிறார்கள். கடலில் ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். வள்ளம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அது கரைக்குச் சொல்லிவிடும். நல்ல பெட்டி. அதை நினைத்து நான் தம்பானூர் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததில் சட்டைப் பொத்தான்கள் தெறித்து மூன்று ஆட்டோக்களின் கண்ணாடி உடைந்திருக்கிறது. அந்தப் பெட்டி வள்ளத்து பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும். பேட்டரி தருவது பன்னிரண்டு வோல்ட். பெட்டிக்குள் இருக்கிற ரேடியோ குடிப்பது ஐந்து. பன்னிரண்டை ஐந்தாக்கித் தருவதற்கு நடுவில் ஒரு கறுப்புக் கட்டி உண்டு, ஒரு துண்டு கடலைமிட்டாய் அளவில். அதுதான் கன்வெர்ட்டர் மாட்யூல். ஐந்து கொடுக்க வேண்டிய இடத்தில் அது கூடுதலாகக் கொடுத்தால் ரேடியோ உடனே சாகாது. நாள்பட நாள்பட உள்ளுக்குள்ளேயே வெந்து ஒருநாள் சாகும். செத்ததை வெளியே சொல்லவும் சொல்லாது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜுக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில், ஒருத்தர் ஏறினால் இன்னொருத்தர் இறங்க முடியாத மாடிப்படி ஒன்று உண்டு. அதன் உச்சியில் இருக்கிறது என் எலக்ட்ரானிக்ஸ் சாம்ராஜ்யம். அங்கே இருக்கிற ரெசிஸ்டர்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு சாயா குடித்துவிட்டு, திரும்பி வந்துவிடலாம். என் கடைக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. பன்னிரண்டை அஞ்சாக்குத கன்வெர்ட்டர் ஒண்ணு தாங்க என்று கேட்டு வருகிறவனை, பெண் கேட்டு வந்தவனை விசாரிப்பதுபோல நான் விசாரிப்பேன். எங்கே வைக்கப் போகிறாய், மூடின பெட்டியா திறந்த பெட்டியா, வெயில் படுமா, இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரி எவ்வளவு இறங்கும், சார்ஜ் ஆகும்போது எவ்வளவு ஏறும், எல்லாம் ஓடும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கும், ஒன்றும் ஓடாமல் சும்மா கிடக்கும்போது எவ்வளவு இழுக்கும். பாதிப் பேர் கடைசிக் கேள்விக்கு முன்னாலேயே படி இறங்கிவிடுவார்கள். நான் தடுப்பதில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாதவனுக்கு மாட்யூல் விற்பதும், கண்ணைப் பார்க்காமல் கண்ணாடி விற்பதும் எனக்கு ஒன்றுதான்.

முதல் பெட்டி செய்வதற்கு முன்னால் நீயும் அந்தப் படி ஏறி வந்தாய். மகள் என்பதற்காக நான் ஒரு கேள்வியையும் குறைக்கவில்லை. நல்ல கம்பெனி மாட்யூல் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றேன், உன் முகம் சுருங்கியது. அதற்குள் என் வழக்கமான கடைசிக் கேள்வியையும் கேட்டேன்.

"அது சும்மா கிடக்கும்போது ஒண்ணுமே இழுக்காதுப்பா. அதுதானே டிசைனோட அழகு" என்றாய்.

"ஒண்ணுமே இழுக்கலைன்னா மாட்யூல் என்ன செய்யும்னு பாத்தியா மக்கா?"

"அப்பா, நீங்க மாட்யூல் விக்கியளா இல்ல இன்டர்வியூ எடுக்கியளா?"

இப்படிக் கேட்டுவிட்டு, என் கவுண்டர் மேலேயே சாய்ந்து நின்று, என் கடை வைஃபையிலேயே, வேறு எவனிடமோ ஆர்டர் போட்டாய். ஒரு படத்தைப் பார்த்து. எவன் செய்தான், எங்கே செய்தான் என்று பெயர்கூடச் சரியாக இல்லாத ஒரு படம். கேட்டால் ஈக்விவலன்ட் என்றாய். எங்கள் தொழிலில் எனக்குப் பிடிக்காத சொல் அது ஒன்றுதான். அதற்குப் பதிலாக இதை வைக்கலாம் என்று அர்த்தமாம். கால்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன, அளவு ஒன்று, உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்று, ஆகவே இரண்டும் ஒன்று. நாலு கால் நாலு மூலையில் இருந்தால் போதும் என்றால் கழுதையும் கட்டிலும் ஈக்விவலன்ட். கழுதை மேல் பாயை விரித்துப் படுத்துப் பார்.

டேட்டாஷீட் பார்த்தேன் அப்பா என்றும் சொன்னாய். பார்த்தாய், அதை நான் மறுக்கவில்லை. கோவிலைப் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களும் பார்த்தேன் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு சாமானைச் செய்கிறவன் அதன் குணத்தை எழுதித் தருகிற தாள்கள் அவை. முதல் பக்கத்தை விற்கிறவன் எழுதுகிறான். கடைசிப் பக்கத்தை, நாளைக்கு வழக்கு வந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்தவன் எழுதுகிறான். முதல் பக்கத்தில் எல்லாமே 'வரை'. இத்தனை வாட் வரை, இவ்வளவு சூடு வரை. அந்தச் சின்ன வார்த்தைக்குப் பின்னால் ஒரு யானைக் கூட்டம் ஒளிந்து நிற்கும். நடுப் பக்கங்களில் கோடு கோடாகப் படங்கள். சூடு ஏற ஏற எவ்வளவு குறைத்து வேலை வாங்க வேண்டும் என்று ஒரு கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கும். அதற்கும் பிறகுதான் எறும்பு எழுத்தில் அடிக்குறிப்புகள். பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் அவன் ஆசை. எறும்பு எழுத்தில் இருப்பதுதான் அவன் சுபாவம். அதனால்தான் நான் எந்த டேட்டாஷீட்டையும் பின்னாலிருந்து தொடங்கி முன்னால் வருவேன். ஆளைப் பிடித்துப்போன பிறகு குறையைத் தேடினால் கண்ணில் படாது. குறை எல்லாம் தெரிந்த பிறகும் பிடித்திருந்தால் வாங்கலாம்.

இது உனக்குத் தெரியாத வித்தை ஒன்றுமில்லை, அதுதான் எனக்கு எரிகிறது. உன் அம்மா இருமல் மருந்து டப்பாவுக்குள் இருக்கிற தாளைக் கடைசி வரி வரை வாசித்து, அதில் சொல்லியிருக்கிற பக்கவிளைவுகள் அத்தனையும் சாயங்காலத்துக்குள் வரவழைத்துக்கொள்கிறவள். அந்த ரத்தம் உன் உடம்பிலும் ஓடுகிறது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று என்ன நடந்தது என்று யோசித்துப் பார். மாப்பிள்ளையின் அப்பா முதல் பக்கத்தை வாசித்தார். படிப்பு, வேலை, சம்பளம், பேட்டையில் ஃப்ளாட். நாங்கள் எல்லோரும் முதல் பக்கத்திலேயே மயங்கி, அல்வாத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டோம். நீ மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு அந்தப் பையனைப் பார்த்துக் கேட்டாய்.

"வேலை ஒண்ணும் இல்லாத நாள்ல நீங்க எப்படி இருப்பிய?"

அவர் கையிலிருந்த அல்வாவைத் தட்டில் வைத்தார். யோசித்துவிட்டு, வேலை இல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது, வீட்டு ஃபேன்களை எல்லாம் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவேன் என்றார். அவருடைய அம்மா, அதில் ஒன்றைத் திரும்ப மாட்டவே இல்லை என்று சேர்த்துக்கொண்டார். நீ சிரித்துவிட்டு, சரி, ஃபேன் துடைக்கிறவர் எனக்குச் சரிப்படும் என்றாய். அன்றைக்கு நான் பூரித்ததில் வீட்டுக் கூரை இரண்டு அடி உயர்ந்தது. ஒரு ஆண்பிள்ளையின் கடைசிப் பக்கத்தை அரை மணி நேரத்தில் வாசிக்கத் தெரிந்தவள், கடலைமிட்டாய் அளவு மாட்யூலிடம் அதே கேள்வியைக் கேட்கவில்லை. சும்மா இருக்கும்போது நீ எப்படி இருப்பாய் என்று.

சரி, லாரன்ஸுக்கு வருகிறேன். லாரன்ஸ் விழிஞ்ஞத்தில் வள்ளம் வைத்திருக்கிறவன், தம்பி சேவியரோடு கடலுக்குப் போகிறவன். நீ செய்த முதல் பெட்டியை, அது பெட்டியா பொம்மையா என்று யாருக்கும் தெரியாத காலத்தில், தைரியமாகத் தன் வள்ளத்தில் வைத்துக்கொண்டவன். அந்த முதல் பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பெட்டி உயிரோடு இருக்கிறது என்று உனக்குத் தெரிவதற்காக நீயே வைத்த விளக்கு. பளிச்சென்று எந்நேரமும் எரியும். லாரன்ஸ் அதைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான். பச்சை வெளிச்சம் மாதா முகத்தில் விழுந்தது. பக்கத்து வள்ளக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் பொறாமைப்பட்டார்கள். அவனுக்கு அந்த விளக்கின் பேரில் வேறு எந்தத் தத்துவமும் கிடையாது. பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். மழைக்காலம் முழுக்க அந்தப் பெட்டி பிசகாமல் ஓடியது.

அப்புறம் நீ எல்லா வள்ளங்களுக்குமாகப் பெட்டிகள் செய்தாய், லாரன்ஸின் பழைய பெட்டிக்குப் பதிலாகவும் ஒன்று. விளக்கை எடுத்துவிட்டாய். விளக்கு பேட்டரியைத் தின்கிறதாம், வேலைக்கு உதவாத அலங்காரமாம். லாரன்ஸ் என் கடைப் படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, மோளே, அந்த விளக்கு எவிட என்று கேட்டபோது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அதை அவனுக்கு விளக்கினாய். அவன் தலையாட்டிக்கொண்டே இறங்கிப் போனான். பிறகு பெட்டிகள் சாகத் தொடங்கின. மாதா மாதம் சங்கத்தில் பொத்தானை அழுத்திச் சோதிக்கும்போது ஒன்று பதில் சொல்லவில்லை, அடுத்த முறை லாரன்ஸுடையதும் சேர்த்து இன்னும் சில. நீ ஒன்றைத் திறந்தாய். உள்ளே உப்பு பூத்திருந்தது. உடனே உன் மனதில் தீர்ப்பு எழுதியாயிற்று. அந்த ஒரு பெட்டியின் மூடியை எவனோ சரியாகத் திருகவில்லை, அவ்வளவுதான். மற்றதைத் திறந்து பார்க்காமலேயே செத்த பெட்டிகளுக்குப் பதிலாக அதே மாட்யூல் போட்ட புதுப் பெட்டிகளைக் கொடுத்தாய், சுவரில் அறிவிப்பை ஒட்டினாய், செத்தவற்றைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவே போட்டாய். குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் இடையில் பிணச்சாக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பந்தல்காரர்கள் சாப்பிடப் போன நேரத்தில், நான் அந்தச் சாக்கை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். நீ திறந்த அந்த ஒன்றைத் தவிர எதிலும் ஒரு மணி உப்பு கிடையாது. உள்ளே அத்தனையும் கல்யாணத்துக்குத் துடைத்து வைத்த வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தன. ஒரு மாட்யூலைக் கழற்றி மேஜையில் வைத்துப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன். வெளியே ஒன்றையும் மாட்டவில்லை. மீட்டரில் ஐந்து வர வேண்டிய இடத்தில் முள் எகிறி ஆறையும் தாண்டிப் போய் நின்றது. கடையிலிருந்து கொண்டுவந்த பச்சை விளக்கு ஒன்றை அதில் மாட்டினேன். ஐந்துக்கு இறங்கிவிட்டது, கோவில் யானை முட்டி போடுவதுபோல. விளக்கை எடுத்தேன், ஏறியது. மாட்டினேன், இறங்கியது. பிறகுதான் அந்த டேட்டாஷீட்டை உன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். எறும்பு எழுத்தில் கிடக்கிறது. தன் சக்தியில் பத்தில் ஒரு பங்காவது எப்போதும் வேலை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் வோல்ட் ஏறக்கூடும் என்று. சும்மா இருக்கத் தெரியாத சாமான் அது. முதல் பெட்டியிலும் இதே மாட்யூல்தான், நீ வேலையில்லாத அலங்காரம் என்று எடுத்தெறிந்த விளக்குதான் அங்கே அதற்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. லாரன்ஸுக்கு அது தெரியாது, உனக்குத் தெரியாது, அந்த விளக்குக்கே தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளச் சம்பளம் வாங்குகிறவள் இந்த மூன்று பேரில் நீ மட்டும்தான்.

நம்பாதே. நான் சொல்வதை நம்ப வேண்டாம். மாட்யூல், மீட்டர், விளக்கு மூன்றும் சாப்பாட்டு மேஜை மேல் இருக்கின்றன. பூக்காரி வந்து உட்காருவதற்குள் நீயே மாட்டிப் பார்.

இதுவரை சொன்னது எதற்கும் எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. மாட்யூல் தவறிப்போவது தொழிலில் சகஜம். நேற்று நான் விழிஞ்ஞம் போனேன், கோபம் அங்கேதான் வந்தது. காற்று எச்சரிக்கை இருப்பதால் வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறி நிற்கின்றன. லாரன்ஸ் வலை தைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, கல்யாணத்துக்கு நெய்மீன் எத்தனை கொண்டுவர வேண்டும் என்று கேட்டான். நம் மண்டபத்துக்குள் மீன் வந்தால் வள்ளியூர் சித்தப்பா மயங்கி விழுவார், அவரைத் தூக்க ஆள் போதாது என்று சொல்லி வைத்தேன். வள்ளத்தில் ஏறிப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் நீ கொடுத்த புதுப் பெட்டி. அதைச் சுற்றிச் சைக்கிள் டியூபை வெட்டித் தைத்த ரப்பர் உறை. உறைக்கு மேலே, மக்கா, பச்சையாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விளக்கு இல்லாமல் மாதா முகம் இருண்டு கிடக்கிறது என்று அவனே சாலைக் கடைத்தெருவில் போய் ஒரு பச்சை பல்பு வாங்கி, நேராகப் பேட்டரியில் வயர் கொடுத்து, உன் பெட்டியின் தலையில் ஒட்டிவிட்டான். உன் மாட்யூலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உள்ளே ரேடியோ இருந்தாலும் எரியும், செத்தாலும் எரியும். நடுக்கடலில் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு அவன் தைரியமாக இருப்பான். நான் பொத்தானை அழுத்திச் சோதித்தேன். பெட்டி இப்போது பதில் சொல்கிறது. வைத்து மூன்று வாரம்தானே ஆகிறது, இன்னும் வெந்து முடியவில்லை. நாளைக்குப் பதில் சொல்லுமா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சேவியர் எங்கே என்று கேட்டேன். வேறு வள்ளத்தில் போகிறான் என்றான். ஹோஸ் பைப்பைப் பிடித்து வள்ளம் கழுவுகிறவன் சேவியர்தானாம். அறிவிப்பைப் படித்த அன்றே, உன்னாலதான் பெட்டி கேடாச்சு என்று லாரன்ஸ் அவனைச் சந்தை நடுவில் வைத்துத் திட்டியிருக்கிறான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே அம்மா கையால் சோறு சாப்பிடுகிற வீட்டில் இப்போது வேறு வேறு நேரத்தில் சாப்பிடுகிறார்கள். உன்னுடைய அந்த இரண்டு வரி செய்த வேலை இது.

நான் சொன்னேன். "லாரன்ஸே, உப்புத் தண்ணியும் இல்ல, சேவியரும் இல்ல. பெட்டிக்குள்ள போட்ட சாமானம் சரியில்ல. இதை நம்பிக் கடலுக்குப் போகாதே."

அவன் சிரித்தான். ரப்பர் உறையைத் தட்டிக் காட்டினான். "இது இட்ட பிறகு பெட்டிக்கு ஒரு குழப்பமும் இல்லல்லோ அண்ணாச்சி. அப்போ தண்ணி தன்னே காரணம்."

"நான் மீட்டர் வச்சுப் பாத்தேன்டா."

"அண்ணாச்சி கடைக்காரனாக்கும். மோள் எஞ்சினியர். மோள் எழுதி, பேரும் போட்டு ஒட்டினதை விட்டுட்டு, அண்ணாச்சி வாயால சொல்லுததை நான் விஸ்வசிக்கணுமா?"

தம்பானூரின் மாட்யூல் சக்கரவர்த்தி அந்த வள்ளத்திலிருந்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சங்கச் செயலாளரிடம் போனேன். அவர் சுவரைக் கைகாட்டினார். நீ எழுதியதை அவர்கள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்து, அப்படியே நம்பியிருக்கிறார்கள். உன்னை அவ்வளவு கவனமாக வாசிக்கிறவர்களுக்கு நீ அவ்வளவு கவனமாக எழுதவில்லை.

இந்த மாதிரிக் கடிதங்களில் அப்பாக்கள் தங்கள் பழைய தவறுகளையும் ஒப்புக்கொள்வது வழக்கமாம், உன் அம்மா சொன்னாள். உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வந்தால் இன்னொரு தாள் ஒட்டுகிறேன்.

இனி கடைசிப் பக்கம். எச்சரிக்கை நாளைச் சாயங்காலம் நீங்குகிறது. செவ்வாய் விடியும்போது வள்ளங்கள் இறங்கும். ஆகவே நாளைக் காலை, இட்லி சாப்பிட்ட கையோடு, நீ விழிஞ்ஞம் வருகிறாய். பச்சை விளக்குகளும் ரெசிஸ்டர்களும், பாதி வெந்த ரேடியோக்களுக்குப் பதிலாக உன் கூட்டாளியிடம் வாங்கிவரச் சொன்ன புது ரேடியோக்களும் வண்டியில் இருக்கின்றன. சும்மா இருக்கத் தெரிந்த நல்ல மாட்யூல்களுக்கு நான் ஆர்டர் போட்டுவிட்டேன். அவை வந்து சேரும்வரை ஒவ்வொரு பெட்டியிலும் விளக்கு எரியட்டும், மாட்யூலுக்கு வேலை இருக்கட்டும். சாலிடரிங் உன் வேலை, உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் கரைக்கு நேரே வந்துவிடுவார்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வேன். மாட்டி முடியாத பெட்டி ஒன்று மிச்சமிருந்தாலும், அந்த வள்ளத்துக்காரனிடம் பெட்டி இல்லாமல்தான் போகிறாய் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அதெல்லாம் இரண்டாவது. வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் சங்கத்துச் சுவரில் இருக்கிறதைக் கிழி. பிறகு சேவியர் எந்த வள்ளத்தில் இருந்தாலும் தேடிப்பிடித்து, லாரன்ஸையும் அங்கேயே கூப்பிட்டு, தண்ணியாலயும் இல்ல, உங்களாலயும் இல்ல, நான் வாசிக்காம விட்டதாலதான் என்று சொல். வேறு விளக்கம் வேண்டாம். நான் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள், பார்த்தாயிற்று. நீ சொன்னால்தான் லாரன்ஸ் அந்தப் பொய் பல்பைக் கழற்றுவான்.

கல்யாணப் பெண் இந்த நாளில் வாசல் தாண்டக் கூடாது, கடல்காற்று பட்டால் முகம் கறுத்துப்போகும் என்று உன் அம்மா தடுப்பாள் என நினைத்தேன். இந்தக் கடிதத்தை அவள்தான் முதலில் வாசித்தாள், கடைசி வரி வரைக்கும். வாசித்துவிட்டுப் போய், வண்டியின் பின்சீட்டில் ஒரு குடையை வைத்துவிட்டு வந்தாள்.

ஏழு மணிக்கு நான் ஹார்ன் அடிப்பேன்.

அப்பா